ஐ, மீ, மை, மைன்: எது எங்க வரும்? தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதுறவங்களுக்கு முழு வழிகாட்டி

"நேத்து வந்தேன்"னு சொன்னா போதும், வந்தது நான்தான்னு கேக்குறவங்களுக்கு தெரிஞ்சிரும். வந்தே, வந்தான், வந்தா, வந்தாரு, வந்துச்சு, வந்தோம், வந்தீங்க, வந்தாங்க... ஆள் யாருன்றத நம்ம வினைச்சொல் தன் வாலுலயே கட்டிக்கிட்டு வருது, அதனால நான், நீ, அவன்லாம் நாம சொன்னாலும் ஒண்ணுதான் சொல்லாட்டியும் ஒண்ணுதான். இங்கிலீஷ்ல இந்த ஒன்பதுக்கும் ஒரே 'கேம்'தான். வந்தது யாருன்னு அந்த வினைச்சொல்லுக்கு தெரியவே தெரியாது, முன்னாடி நிக்கிற ப்ரொநவுன்ற அந்த குட்டி வார்த்தைதான் முழு சுமையும் தூக்குது.

பல வருஷமா மத்தவங்க எழுதுன மெயில், அப்ளிகேஷன், கவர் லெட்டர்லாம் திருத்தி குடுத்துட்டு இருக்கேன், அதுல நான் கண்டது ஒண்ணுதான். நம்ம ஆளுங்க ப்ரொநவுன்ல விடுற தப்பு பெரும்பாலும் இங்கிலீஷ் தெரியாததால வர்றது இல்ல, தமிழ் நல்லா தெரியுறதால வர்றது. தமிழ்ல சரியா இருக்குற வாக்கியத்த அப்படியே தூக்கி அந்தப்பக்கம் வைக்கிறோம், அங்க அது உக்கார மாட்டேங்குது. அதனால இங்க ஒவ்வொரு படியிலயும் முதல்ல தமிழ் வாக்கியத்த பாக்கப்போறோம், அப்புறம்தான் இங்கிலீஷ். ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல, ஒரு படி படிங்க, ரெண்டு நாள் நீங்க எழுதுறதுல அத மட்டும் கவனிங்க, அப்புறம் அடுத்ததுக்கு வாங்க.

படி 1: நாலு கட்டம் மனசுல ஏறணும்

ஒவ்வொரு ஆளுக்கும் நாலு வடிவம். செய்றவர், செயல் யார் மேல போய் விழுதோ அவர், ஒரு பொருளுக்கு முன்னாடி ஒட்டிட்டு வர்ற 'யாரோட', பொருள் இல்லாம தனியா நிக்கிற 'யாரோடது'. இந்த வரிசையிலயே கீழ போடுறேன். நாம, நாங்க வரிசையில மூணாவதா வர்றத 'அவர்'னு எழுதுனா நம்ம தமிழ் அவரோட குழம்பிரும், அதனால ஔர்னு எழுதுறேன்.

நான்: ஐ, மீ, மை, மைன்
நீ, நீங்க: யூ, யூ, யுவர், யுவர்ஸ்
அவன்: ஹி, ஹிம், ஹிஸ், ஹிஸ்
அவ: ஷி, ஹர், ஹர், ஹர்ஸ்
அது: இட், இட், இட்ஸ், நாலாவது கிட்டத்தட்ட புழக்கத்துல இல்ல
நாம, நாங்க: வி, அஸ், ஔர், ஔர்ஸ்
அவங்க, அதுங்க: தே, தெம், தேர், தேர்ஸ்

இதுல 'யூ'க்கு முதல் ரெண்டும் ஒண்ணு, 'ஹர்'க்கு நடு ரெண்டும் ஒண்ணு, 'ஹிஸ்'க்கு கடைசி ரெண்டும் ஒண்ணு. இந்த மூணு இடத்துலதான் குழப்பம் வரும். 'ஹர்' எந்த வேலை பாக்குதுன்னு சந்தேகம் வந்தா அந்த இடத்துல ஒரு ஆம்பளைய வச்சு பாருங்க. 'ஐ சா ஹர்' வந்து 'ஐ சா ஹிம்' ஆகும், 'ஐ சா ஹர் புக்' வந்து 'ஐ சா ஹிஸ் புக்' ஆகும். வித்தியாசம் உடனே கண்ணுக்கு தெரிஞ்சிரும்.

நான் எதுக்கு மீ ஆகணும்னு கேக்குறவங்க தமிழ பாருங்க. 'நானை பாத்தான்', 'நானுக்கு குடு'ன்னு யாராவது சொல்றோமா? உருபு ஏறுன உடனே நான் 'என்' ஆகிருது: என்னை, எனக்கு, என்னால, என்னோட. ஐ மீ ஆகுறதும் அதே மாதிரிதான். ஒரு வித்தியாசம், நாம உருபு பின்னாடி ஒட்டுறோம், அங்க அந்த வேலைய முன்னாடி வர்ற டு, ஃபார், வித், ஃப்ரம் மாதிரி சொற்கள் பாக்குது. அந்த சொற்களுக்கு பின்னாடி ஆள் தனியா வந்தா ரெண்டாவது கட்டம்தான்: 'ஃபார் மீ', 'வித் ஹிம்', 'டு தெம்', 'ஃப்ரம் அஸ்'. இதுக்கு விதிவிலக்கு ரொம்ப கம்மி, அது படி 8லயும் 10லயும் வரும்.

இன்னொண்ணு, 'ஐ' வாக்கியத்துல எங்க வந்தாலும் பெரிய எழுத்து. மீ, மை, மைன் நடுவுல வந்தா சின்ன எழுத்துதான்.

படி 2: இடத்த காலியா விடாதீங்க

இதுதான் மொத்தத்துலயும் முக்கியமான படி, இங்க நேரம் எடுத்துக்கோங்க.

முதல்ல வாக்கியத்தோட தலை. "மழை பெய்யுது", "மணி பத்தாச்சு", "ரொம்ப தூரம்", "இருட்டிருச்சு". இதுல எதுலயும் 'அது' இல்ல, தேவையும் இல்ல. இங்கிலீஷ் வாக்கியத்துக்கு தலை இல்லாம நிக்க தெரியாது, சொல்றதுக்கு ஆள் இல்லன்னாலும் ஒரு பொம்மைய கொண்டு வந்து உக்கார வைக்கும், அந்த பொம்மைதான் 'இட்'. 'இட் இஸ் ரெய்னிங்', 'இட் இஸ் டென்', 'இட் இஸ் வெரி ஃபார்', 'இட் காட் டார்க்'. "இத புரிஞ்சுக்குறது கஷ்டம்"னு சொல்லவும் அதே இட்தான், 'இட் இஸ் ஹார்ட் டு அண்டர்ஸ்டாண்ட் திஸ்'. கட்டளைக்கு மட்டும்தான் தலை வேண்டாம், வா, உக்காருன்றதுக்கு 'கம்', 'சிட்' போதும். சாட்ல 'வில் கால் லேட்டர்'னு ஐய முழுங்கிட்டு எழுதுறது சகஜம், அது தப்பில்ல, ஆனா மெயில்ல அந்த பழக்கத்த கொண்டு வராதீங்க.

அடுத்தது இதவிட பெருசு, யாரும் சரியா சொல்லி குடுக்காதது. வாக்கியத்தோட கடைசி.

"படம் எப்படி இருந்துச்சு?" "ரொம்ப பிடிச்சிருந்துச்சு." பதில்ல படமும் இல்ல, அதுவும் இல்ல, ஆனா தமிழ்ல நிறைவா இருக்கு. இத நாம 'ஐ லைக்ட் வெரி மச்'னு சொல்லிடுறோம். கேக்குற இங்கிலீஷ்காரர் மனசு இன்னும் காத்துட்டு இருக்கும், எத லைக் பண்ண? 'ஐ லைக்ட் இட் வெரி மச்'. அந்த ஒரு சின்ன இட்தான் நம்ம இங்கிலீஷுக்கும் சரியான இங்கிலீஷுக்கும் நடுவுல அதிகமா காணாம போற வார்த்தைன்னு நான் அடிச்சு சொல்வேன். "அனுப்பிட்டேன்"றது 'ஐ ஹேவ் சென்ட் இட்', "முடிச்சிட்டேன்"றது 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட்', "வாங்குனேன், ஆனா இன்னும் படிக்கல"ன்றது 'ஐ பாட் இட், பட் ஐ ஹேவ் நாட் ரெட் இட் யெட்'. அனுப்புனது ரெண்டு மூணு ஃபைல்னா 'ஐ ஹேவ் சென்ட் தெம்'. லைக், லவ், என்ஜாய், வாண்ட், பிரிங், சென்ட், பை, இதெல்லாம் வந்தா பின்னாடி ஒரு ஆளோ பொருளோ இருக்கான்னு பாருங்க, இல்லன்னா இட் போடுங்க, தெம் போடுங்க. ஐ நோ, ஐ அண்டர்ஸ்டாண்ட், ஐ ஃபர்காட், ஐ ரிமெம்பர் மாதிரி சிலது மட்டும் தனியா நிக்கும்.

இதுக்கு நேர் எதிரா இருக்குறதயும் இங்கயே சொல்லிடுறேன். "எங்க அண்ணன் இருக்காரே, அவரு..."ன்னு பேசி பழகுனதால 'மை பிரதர் ஹி இஸ் வொர்க்கிங்'னு வரும். தலை ஒண்ணுதான் இருக்கணும், 'மை பிரதர் இஸ் வொர்க்கிங்'. அதே மாதிரி 'தி புக் விச் ஐ பாட் இட் இஸ் குட்'டும் தப்பு, விச்சே அந்த புக்குக்கு பதிலா வந்துருச்சு, அப்புறம் இட் எதுக்கு? 'தி புக் விச் ஐ பாட் இஸ் குட்' அவ்வளவுதான்.

படி 3: 'எனக்கு'ன்னு ஆரம்பிச்சா உஷார்

தமிழ்ல பசி, தூக்கம், தேவை, அறிவு, பிடித்தம் எல்லாம் நம்மகிட்ட வந்து சேருது. எனக்கு பசிக்குது, எனக்கு தெரியும், எனக்கு வேணும், எனக்கு புரியல, எனக்கு காய்ச்சல், எனக்கு ரெண்டு தம்பி. அழகான அமைப்பு, ஆனா இங்கிலீஷ் இத அப்படி பாக்குறதில்ல, எல்லாத்துலயும் ஆள முன்னாடி நிறுத்தி ஐ போட்டுரும். 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ நோ', 'ஐ வாண்ட் இட்', 'ஐ டோண்ட் அண்டர்ஸ்டாண்ட்', 'ஐ ஹேவ் எ ஃபீவர்', 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. எனக்குன்னு மனசுல வந்தா கை மீ பக்கம் போகும், அங்க ஒரு செகண்ட் நிப்பாட்டி இது எங்கிட்ட யாராவது குடுக்குற எனக்கா, இல்ல எனக்குள்ள நடக்குற எனக்கான்னு கேளுங்க. குடுக்குறதுன்னா மீ. உள்ள நடக்குறதுன்னா பெரும்பாலும் ஐ.

"எனக்கு போரடிக்குது" மட்டும் தனியா சொல்லணும், 'ஐ ஆம் போர்ட்'தான் சரி. 'ஐ ஆம் போரிங்'னா என்கூட பேசுறவங்களுக்கு போரடிக்கும்னு அர்த்தம், நாம சொல்ல வந்தது அது இல்ல.

படி 4: மீ, ஹிம், தெம் எங்க நிக்கணும்

"எனக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்க"ன்றத 'எக்ஸ்ப்ளெயின் மீ'ன்னு எழுதாதவங்க ரொம்ப கம்மி. கிவ், சென்ட், ஷோ, டெல், டீச் இதெல்லாம் ஆள நேரா பக்கத்துல சேத்துக்கும்: 'கிவ் மீ எ புக்', 'டெல் மீ'. எக்ஸ்ப்ளெயின், சே ரெண்டும் சேத்துக்காது, நடுவுல டு வேணும்: 'எக்ஸ்ப்ளெயின் தி ப்ராப்ளம் டு மீ', 'ஹி செட் டு மீ'. 'சஜெஸ்ட் மீ எ புக்'குக்கு பதிலா 'ரெக்கமெண்ட் எ புக் டு மீ'ன்னு எழுதுனா நல்லாருக்கும், இல்ல வெறுமனே 'சஜெஸ்ட் எ புக்'. டெல்லுக்கும் ஆஸ்க்குக்கும் டு போடாதீங்க, 'டோல்ட் டு ஹிம்', 'ஆஸ்க்ட் டு ஹர்' ரெண்டும் தப்பு, 'டோல்ட் ஹிம்', 'ஆஸ்க்ட் ஹர்' போதும்.

இன்னொரு இடம், ரெண்டு துண்டா வர்ற வினைச்சொல். 'சுவிட்ச் ஆஃப் தி லைட்'னு சொல்லலாம், 'சுவிட்ச் தி லைட் ஆஃப்'னும் சொல்லலாம். ஆனா லைட்டுக்கு பதிலா இட் வந்துருச்சுன்னா நடுவுலதான் நிக்கணும், 'சுவிட்ச் இட் ஆஃப்'. 'சுவிட்ச் ஆஃப் இட்' தப்பு. 'பிக் அப் மீ' இல்ல, 'பிக் மீ அப்'. 'கால் பேக் ஹிம்' இல்ல, 'கால் ஹிம் பேக்'. 'லுக் அட் இட்', 'வெயிட் ஃபார் மீ' இதெல்லாம் பிரியாத ஜோடி, அதுல கடைசியிலயே இருக்கட்டும்.

படி 5: மரியாதை எங்க போச்சு?

"எங்க அம்மா டீச்சர், அவங்க காலையில ஏழு மணிக்கே கிளம்பிருவாங்க." இத எழுதுன ஒரு தங்கச்சி 'மை மதர் இஸ் எ டீச்சர். தே லீவ் அட் செவன்'னு எழுதியிருந்துச்சு. ஏன் தேன்னு கேட்டா, "அம்மாவ போய் எப்படி அவ இவன்னு சொல்றது"ன்னு கேக்குது. அந்த மனசு எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு, ஆனா வாக்கியம் தப்பு, படிக்கிறவங்க எத்தன பேர் கிளம்புனாங்கன்னு தேடுவாங்க. இங்கிலீஷ்ல ஷி, ஹி ரெண்டுலயும் மரியாதைக்குறைவு கிடையாது. ராணியும் ஷிதான், பக்கத்துல விளையாடுற சின்ன பொண்ணும் ஷிதான். மரியாதைய சர், டாக்டர், ப்ளீஸ், குட் யூ இப்படி வேற இடத்துல வைப்பாங்க. அதனால அம்மா, டீச்சர், தாத்தா யாரா இருந்தாலும் ஒரே ஆள்னா ஹி இல்ல ஷி, தைரியமா போடுங்க: 'ஷி லீவ்ஸ் அட் செவன்'.

'யூ' கதை தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும். பழைய இங்கிலீஷ்ல ஒருத்தர நீன்னு சொல்ல தௌன்னு தனி வார்த்தை இருந்துச்சு, பல பேர சொல்ல யீ, யூ. அப்புறம் 13ஆம் நூற்றாண்டு வாக்குல இருந்து பெரிய ஆளுங்கள, ஒரே ஆளா இருந்தாலும், பன்மையில கூப்பிடுற பழக்கம் வந்துச்சு, நாம நீங்கன்னு சொல்றோமே அதே மாதிரி. போகப்போக எல்லாரையும் நீங்கன்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க, 17ஆம் நூற்றாண்டுல தௌ அன்றாடப் பேச்சுல இருந்து கிட்டத்தட்ட கழண்டுருச்சு. ஆக இப்ப இருக்குற யூ நம்ம நீங்கதான். அதனாலதான் ஒரே ஆள்கிட்ட பேசுனாலும் 'யூ ஆர்', 'யூ வேர்'னு பன்மை வினை வருது, 'யூ வாஸ்'னு எழுதக்கூடாது.

தேயும் கிட்டத்தட்ட அதே ரூட்ல போயிட்டு இருக்கு. யாருன்னு தெரியாத ஒருத்தர பத்தி பேசும்போது நாம "யாரோ ஃபோன வச்சுட்டு போயிட்டாங்க"ன்னு சொல்றோம், போனது ஒருத்தர்தான், ஆனாலும் போயிட்டாங்க. இங்கிலீஷ்லயும் அதேதான், 'சம்ஒன் லெஃப்ட் தேர் ஃபோன்'. இது புதுசா வந்த ஃபேஷன்னு சிலர் சொல்வாங்க, இல்ல, ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரங்க 1375லயே இதுக்கு எழுத்து ஆதாரம் காட்டுறாங்க. எவ்ரிஒன், எனிஒன், சம்ஒன், ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாத ஒரு கஸ்டமர், ஒரு ஸ்டூடண்ட், இவங்களுக்கெல்லாம் தேர், தெம் தாராளமா போடலாம், ஒவ்வொரு தடவையும் 'ஹிஸ் ஆர் ஹர்'னு இழுக்க வேண்டாம். தன்ன ஹி, ஷின்னு சொல்ல வேண்டாம், தேன்னு சொல்லுங்கன்னு ஒருத்தர் கேட்டா அப்படியே சொல்லுங்க, அவங்க பேர சரியா சொல்ற மாதிரிதான் அது. 2019ல மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்த வருஷத்தோட வார்த்தையா தேய தேர்ந்தெடுத்தது இந்த பயன்பாட்டாலதான். ஆள் ஒருத்தரானாலும் வினை 'தே ஆர்', 'தே ஹேவ்'தான்.

ஆக தெரிஞ்ச ஒரு ஆளுக்கு மரியாதைக்காக தே, அது தப்பு. தெரியாத ஒரு ஆளுக்கு தே, அது சரி. இந்த ஒரு வித்தியாசத்த மட்டும் பிடிச்சுக்கோங்க.

படி 6: நாம, நாங்க, எங்க அம்மா

தமிழ்ல எனக்கு ரொம்ப பெருமையான ஒரு விஷயம், கேக்குறவர சேத்தா நாம, சேக்காட்டி நாங்க. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் வி. ஒரு சின்ன விஷயம்தான், ஆனா நிஜமா சிக்கல் பண்ணும். 'வி ஆர் கோயிங் டுமாரோ'ன்னு மெசேஜ் போட்டா எதிர்ல இருக்குறவர் தன்னையும் சேத்துட்டாங்கன்னு நினைச்சு கிளம்பி நிப்பார். அதனால நாங்கன்னா ஆள சொல்லிருங்க, 'மை பிரதர் அண்ட் ஐ ஆர் கோயிங்'. நாமன்னா 'ஆல் ஆஃப் அஸ்', 'யூ அண்ட் ஐ'ன்னு சொல்லலாம். "போலாமா"க்கு 'ஷேல் வி கோ', "போலாம்"க்கு 'லெட்'ஸ் கோ', அந்த லெட்'ஸ்ல ஒளிஞ்சிருக்குறது அஸ், அதனால அதுல மேல் கமா (அப்பாஸ்ட்ரஃபி) கட்டாயம்.

அடுத்தது எங்க. எங்க அம்மா, எங்க வீடு, எங்க ஊருன்னு நாம தனியா நின்னு பேசும்போதும் கூட்டமாவே சொல்வோம். அதுக்காக 'ஔர் மதர்'னு சொன்னா, கூட யாரோ கூடப்பிறந்தவங்க நிக்கிறாங்கன்னுதான் கேக்குறவர் நினைப்பார், இல்லன்னா அவரோட அம்மாவையும் சேத்து சொல்றோமோன்னு முழிப்பார். நீங்க ஒருத்தரா பேசுனா 'மை மதர்', 'மை ஹவுஸ்'. மைன்னு சொல்றது சுயநலமா தோணும், முதல்ல எனக்கும் நாக்கு வரல, ஆனா அந்த மொழியில அது சாதாரணம்.

படி 7: ஹிஸ்ஸா ஹர்ரா, அப்புறம் 'தன்'

ஹிஸ்ஸும் ஹர்ரும் வச்சிருக்குற ஆள பாக்கும், வச்சிருக்குற பொருள பாக்காது. "மீனாவோட அண்ணன்" 'ஹர் பிரதர்', "ரவியோட தங்கச்சி" 'ஹிஸ் சிஸ்டர்'. தமிழ்லயும் அவளோட, அவனோடன்னு அப்படித்தான் இருக்கு, ஆனா "ரவி தன் தங்கச்சிய கூட்டிட்டு வந்தான்"னு தன் வந்தா அதுல ஆண் பெண் அடையாளம் இல்ல, அங்க பக்கத்துல இருக்குற தங்கச்சிய பாத்து கை ஹர் போட்டுருது. 'ரவி பிராட் ஹிஸ் சிஸ்டர்'. ரவி பிராட் ஹர் சிஸ்டர்னா வேற ஏதோ ஒரு பொண்ணோட தங்கச்சிய கூட்டிட்டு வந்தான்னு ஆகிரும்.

தன்னால நமக்கு இன்னொரு வசதி இருந்துச்சு, அது அங்க இல்ல. "குமார்கிட்ட ரவி தன் புக்க குடுத்தான்", "குமார்கிட்ட ரவி அவன் புக்க குடுத்தான்", ரெண்டும் வேற வேறன்னு நமக்கு சொல்ல முடியும். இங்கிலீஷ்ல ரெண்டுமே 'ஹிஸ் புக்'. குழம்புற இடத்துல ஹிஸ்ஸ விட்டுட்டு பேர போடுங்க, இல்ல 'ஹிஸ் ஓன் புக்'னு எழுதுங்க.

ஓன் பத்தி. சொந்த வீடு, சொந்த கார்னு நாம சொல்றத 'ஐ ஹேவ் ஓன் ஹவுஸ்'னு எழுதிடுறோம். ஓன் தனியா வராது, முன்னாடி யாரோடன்னு ஒரு ஆள் வேணும்: 'ஐ ஹேவ் மை ஓன் ஹவுஸ்', இல்ல 'எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்'.

உடம்பு விஷயமும் அப்படித்தான். "கை கழுவிட்டு வா", "கால் உடஞ்சிருச்சு", "கண்ண மூடு". யார் கை, யார் கால்னு நாம சொல்றதில்ல, வேற யாரோடது இருக்கப்போகுது? அங்க சொல்லணும். 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்', 'ஐ ப்ரோக் மை லெக்', 'க்ளோஸ் யுவர் ஐஸ்'. சட்டை, பை, ஃபோன்னு கூடவே இருக்குற பொருளுக்கும் இதேதான்.

படி 8: மையா, மைனா

பின்னாடி பொருள் இருந்தா மை, இல்லன்னா மைன். 'திஸ் இஸ் மை பேக்', 'திஸ் பேக் இஸ் மைன்'. என்னோட, என்னோடது அவ்வளவுதான், இதுல பெருசா யாரும் தடுமாறுறதில்ல.

தடுமாறுறது 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'லதான். ஒருத்தன்தானேன்னு ஒருமை போட்டுடுறோம். பல பேர் இருக்குற கூட்டத்துல இருந்து ஒருத்தர எடுக்குறோம், அதனால கூட்டம் பன்மை, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்', வினை மட்டும் அந்த ஒருத்தருக்கு, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் கமிங்'. அதே அர்த்தத்துல 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்'னும் சொல்லலாம், இங்க மைன்தான், 'ஆஃப் மீ' வராது.

படி 9: மேல் கமா

அப்பாஸ்ட்ரஃபின்னு சொல்ற அந்த மேல் கமாவால வர்ற சண்டை கொஞ்ச நஞ்சம் இல்ல. பேர் சொல்லுக்கு 'ஓட' சேக்கணும்னா மேல் கமாவும் எஸ்ஸும்: ரவி'ஸ் புக். பன்மையில ஏற்கனவே எஸ் இருந்தா கடைசியில மேல் கமா மட்டும், பாய்ஸ்' ரூம். சில்ட்ரன் மாதிரி எஸ் இல்லாத பன்மைன்னா திரும்ப மேல் கமாவும் எஸ்ஸும், சில்ட்ரன்'ஸ் ரூம்.

ஆனா இந்த குட்டி வார்த்தைங்களுக்கு மேல் கமாவே கிடையாது. யுவர்ஸ், ஹர்ஸ், ஔர்ஸ், தேர்ஸ், இட்ஸ், எதுலயும் இல்ல. அப்ப மேல் கமா போட்ட இட்'ஸ் என்ன? அது 'இட் இஸ்', இல்ல 'இட் ஹேஸ்' சுருங்குனது. மேல் கமா இல்லாத இட்ஸ் 'அதோட'. சோதிக்க ஒரே வழி, அந்த இடத்துல 'இட் இஸ்'னு முழுசா படிங்க. 'தி டாக் வேக்ட் இட் இஸ் டெயில்' ஒட்டுதா? ஒட்டல, அப்ப மேல் கமா வேண்டாம். இதே சோதனை யூ'ஆர், யுவருக்கும், ஹூ'ஸ், ஹூஸுக்கும், தே'ஆர், தேருக்கும் அப்படியே வேலை செய்யும். தேர்ல இன்னொரு தேர் வேற இருக்கு, 'அங்க'ன்ற அர்த்தத்துல வர்றது. டி, எச், இ, ஆர், இனு முடிஞ்சா இடம், டி, எச், இ, ஐ, ஆர்னு முடிஞ்சா ஆளுங்களோடது.

இட்ஸ்ல தப்பு பண்றவங்க மனசு கஷ்டப்பட வேண்டாம், அந்த வார்த்தையே ரொம்ப சின்ன வயசு. முன்னாடி காலத்துல 'அதோட'ன்றதுக்கும் ஹிஸ்தான், 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல உப்பு தன் சாரத்த இழந்தான்னு வர்ற இடத்துலயும் உப்புக்கு ஹிஸ்தான் போட்டிருக்கு. 1500களோட கடைசியிலதான் இட்ஸ் எழுத்துல வர ஆரம்பிச்சுது, அப்ப இங்கிலீஷ்காரங்களே ரொம்ப காலம் மேல் கமாவோட எழுதிட்டு இருந்தாங்க, அப்புறம்தான் இன்னைக்கி இருக்குற முறை நிலைச்சுது.

படி 10: செல்ஃப், அப்புறம் ரவியும் நானும்

"மைசெல்ஃப் ரவி." இந்த அறிமுகத்த விட்டுருங்க. 'ஐ ஆம் ரவி', 'மை நேம் இஸ் ரவி', ஃபோன்லன்னா 'திஸ் இஸ் ரவி'. செல்ஃப் வர்ற இடம் மூணே மூணு. செய்றவரும் செயல் விழுறவரும் ஒரே ஆள், 'ஐ கட் மைசெல்ஃப்'. வேற யாரும் இல்ல நானேதான்னு அழுத்தி சொல்றது, 'ஐ டிட் இட் மைசெல்ஃப்'. தனியா, துணையில்லாமன்னு சொல்றது, 'பை மைசெல்ஃப்'. வடிவத்துல ஹிஸ்செல்ஃப், தேர்செல்வ்ஸ்னு எழுதாதீங்க, ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ்தான். ஒருத்தர்கிட்ட பேசுனா யுவர்செல்ஃப், பல பேர்கிட்ட யுவர்செல்வ்ஸ், யூ ஒருமையா பன்மையான்னு வெளிய தெரியுற இடம் இது.

ரெண்டு பேர் சேந்து வந்தா? 'ரவி அண்ட் ஐ'யா, 'ரவி அண்ட் மீ'யா? ரவிய கொஞ்ச நேரம் வெளிய அனுப்பிருங்க, மீதி வாக்கியம் தானா சொல்லிரும். 'ஐ வெண்ட்', அதனால 'ரவி அண்ட் ஐ வெண்ட்'. 'ஷி கால்ட் மீ', அதனால 'ஷி கால்ட் ரவி அண்ட் மீ'. ஐதான் மரியாதையா இருக்கும்னு 'ஷி கால்ட் ரவி அண்ட் ஐ'ன்னு எழுதுறவங்க ஜாஸ்தி, 'பிட்வீன் யூ அண்ட் ஐ'யும் அந்த ரகம்தான், சரியானது 'பிட்வீன் யூ அண்ட் மீ'.

படி 11: ஒரு மெயில எடுத்து உக்காருங்க

எழுதுறப்ப இதெல்லாம் யோசிச்சா கை நின்னுரும். எழுதி முடிச்சிட்டு அப்புறமா ஒரு தடவை இதுக்குன்னே மட்டும் படிங்க. நான் திருத்துன பல மெயில்ல பாத்த தப்ப எல்லாம் சேத்து ஒரே மெயிலா கீழ போடுறேன்.

'டியர் சர், மைசெல்ஃப் ரவி. ஐ காட் யுவர் மெயில் அண்ட் ரெட் கேர்ஃபுல்லி. மீ அண்ட் ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் வில் கம் டுமாரோ. மை ஃப்ரெண்ட் ஹி ஹேஸ் ஓன் லேப்டாப். ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் அஸ் தி வொர்க். யுவர்'ஸ் சின்சியர்லி.'

மைசெல்ஃப் போய் 'ஐ ஆம் ரவி' வரும். 'ரெட் கேர்ஃபுல்லி', எத? 'ரெட் இட் கேர்ஃபுல்லி'. ஃப்ரெண்ட வெளிய அனுப்புனா 'மீ வில் கம்' நிக்காது, அதனால 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஐ வில் கம் டுமாரோ'. ஃப்ரெண்டுக்கு ரெண்டு தலை இருக்கு, ஓனுக்கு ஆள் இல்ல, 'மை ஃப்ரெண்ட் ஹேஸ் ஹிஸ் ஓன் லேப்டாப்', ஃப்ரெண்ட் பொண்ணுன்னா 'ஹர் ஓன்'. அடுத்தது 'ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் தி வொர்க் டு அஸ்'. கடைசி வரியில யுவர்ஸ், அதுக்கு மேல் கமா இல்ல, அத எடுத்துருங்க. அதோட பிரிட்டிஷ் வழக்கப்படி பேர் இல்லாம டியர் சர்னு ஆரம்பிச்ச கடிதம் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'ன்னு முடியும், பேர் சொல்லி ஆரம்பிச்சாதான் 'யுவர்ஸ் சின்சியர்லி', அதையும் மாத்திட்டு அனுப்புங்க.